பேக்கப் எடுத்துட்டேன், சார்

அன்றைக்குக் காலையில் அக்காவிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன், அதிகாரி காக்கா வெள்ளை என்றாலும் ஆமாம் சார் என்பேன், இந்த வேலையையாவது உருப்படியாக வைத்துக்கொள்வேன். இதற்கு முன்பு பார்த்த வேலைகளெல்லாம் என் வாயால் போனவை என்பது அக்காவின் கட்சி. மற்றவர்களின் மூளையால் போனவை என்பது என் கட்சி. நடுவில் மாட்டிக்கொண்ட மாமா, அதாவது அக்காவின் புருஷன், காபி டம்ளருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு எந்தக் கட்சியிலும் சேராமல் தப்பித்து வருகிறார்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நர்ஸ். நான் அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து அங்கே ஓடுகிற மென்பொருளைக் கட்டி மேய்க்கிறவள். அந்த மென்பொருளை ஆஸ்பத்திரிக்கு விற்ற கம்பெனிதான் எனக்குச் சம்பளம் தருகிறது; அந்தக் கம்பெனியில் எனக்கு மேலே ஓர் அதிகாரி. எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று விளக்குகளாகக் காட்டும் பெரிய திரை ஒன்று அவர் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கும். உள்ளே நுழையும்போதே "எல்லாம் பச்சைதானே?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். அதனால் அவருக்குப் பச்சை என்று பேர் வைத்தேன். பக்கத்து அறையில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணன். ஏசிக் குளிருக்குப் பயந்து வருஷம் முழுக்கக் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அவர் பெயர் மப்ளர் என்றே ஆகிவிட்டது. போனை எடுத்தால் அவரே "மப்ளர் பேசுறேன்" என்பார்.

அன்றைக்கு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டிய நாள். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் டைரக்டர் மேடம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், பதிவாகியிருக்கும். ஆகாது என்றால் எவ்வளவு ஆகாது, சும்மா அரிப்பா, மூச்சே நின்றுபோகுமா என்பதையும் சேர்த்து எழுத ஒரு கட்டம் கூட்டியிருந்தேன். அவ்வளவுதான்.

"அண்ணா, பேக்கப் எடுத்தாச்சா?" என்று மப்ளரைக் கேட்டேன்.

"காலையிலேயே எடுத்தாச்சும்மா. சார் நேத்தே சொல்லிட்டாரு."

ஏற்ற ஆரம்பித்தேன். கட்டம் ஒன்றைக் கூட்டினால் டேட்டாபேஸ் அந்த டேபிள் முழுவதையும் முதலிலிருந்து திருப்பி எழுதும். வருஷக்கணக்கான நோயாளிகள் உள்ள டேபிள், எழுத நேரம் பிடிக்கும். அதுவரை திரையில் எதுவும் நகராது. பச்சை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, நட்டு வெச்ச மாதிரி நிக்குது?"

"வேலை நடக்குது சார். கொஞ்சம் பொறுங்க."

"ஹேங் ஆயிடுச்சும்மா. எங்க வீட்டு டிவியும் இப்படித்தான் நிக்கும்."

"இல்ல சார், எழுதிக்கிட்டிருக்கு, தொடாதீங்க" என்று நான் திரும்புவதற்குள் மனுஷன் சர்வர் அறைக்குள் போய்விட்டார். ஓடினேன். மப்ளர் "சார், சார்" என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். பச்சை பவர் பட்டனில் விரலை வைத்து, அழைப்பு மணி அடிப்பவர் போல அழுத்திக்கொண்டு நின்றார். மின்விசிறிச் சத்தம் அடங்கியது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. பிறகு அவரே ஆன் செய்தார்.

"பாத்தியா? எல்லாம் பச்சை" என்றார். சுவர்த் திரையில் உண்மையிலேயே எல்லா விளக்கும் பச்சை. சர்வர் எழுந்துவிட்டது, மென்பொருள் எழுந்துவிட்டது. என் திரையில் மட்டும் ஒரு வரி வந்து நின்றது. மருந்து ஒவ்வாமை டேபிள் சிதைந்துவிட்டது, பழுது பார்க்கவும். பாதி எழுதிக்கொண்டிருந்த கையைத் தட்டிவிட்டால் தாள் கிழியும், அதுதான் நடந்திருந்தது.

சத்தியம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது போன் அடித்தது, மாடியிலிருந்து அக்கா.

"என்னடி, இன்னைக்கு என் வார்டுல எல்லாரும் ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க?"

"என்ன சொல்ற?"

"யாரைத் திறந்தாலும் ஒவ்வாமை இல்லைன்னு காட்டுது. நேத்து ஒரு பாட்டிக்கு நானே என் கையால சிவப்புல எழுதினேன். அவங்களுக்கும் இல்லையாம். உன் கம்ப்யூட்டர் வைத்தியமும் பாக்க ஆரம்பிச்சுடுச்சா?"

விஷயம் இதுதான். மருத்துவர்கள், நர்சுகள் பார்க்கிற திரையில் எந்தக் கோளாறுச் செய்தியும் வரக் கூடாது என்பது பச்சையின் பழைய கட்டளை. அதைப் பார்த்தால் கம்பெனி மானம் போகுமாம். அதனால் டேபிளைப் படிக்க முடியாமல் போனால், கிடைத்தது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, மென்பொருள் அழகாக "இல்லை" என்று காட்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அந்த நேரம் எந்த மருந்தும் ஆகும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு டாக்டர் அதை நம்பி ஓர் ஊசி எழுதிவிட்டால் போதும்.

"அக்கா, திரையை நம்பாதே. யாருக்கும் ஊசி போடறதுக்கு முன்னாடி வாயால கேளு. மத்த வார்டுக்கும் சொல்லு. நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு மப்ளரிடம் திரும்பினேன். "அண்ணா, காலையில எடுத்த பேக்கப்பைக் குடுங்க. டேபிளை அதுலேர்ந்து திரும்பப் போட்டுடலாம்."

"எந்த பேக்கப்?"

"காலையில எடுத்தது."

"அதான் எடுத்துட்டேனேம்மா."

"சரி, எடுத்து எங்க வெச்சீங்க?"

"எங்க வெக்கிறது? எடுத்துட்டேன்னு சொல்றேன்ல."

"எடுத்ததை எங்கயாவது வெச்சிருப்பீங்கல்ல அண்ணா?"

"எடுத்ததை யாராவது வெச்சுக்குவாங்களா?" என்றார் மப்ளர், என்னை ஒரு மாதிரிப் பார்த்து.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் புரிந்தது எனக்குத்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் மப்ளர் பச்சையிடம், "சார், டிஸ்க்ல இடமே இல்ல. அந்த பேக்கப்தான் பூதம் மாதிரி உக்காந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். பச்சை போனில் வேறு யாரிடமோ இளித்துக்கொண்டே, நகல் எடுக்கச் சொல்லி நான் பலமுறை நச்சரித்திருந்ததை நினைத்துக்கொண்டு, "ஆங், நாளைக்குக் காலையில பேக்கப்ப எடுத்துடுங்க" என்று கையை ஆட்டியிருக்கிறார். பச்சை சொன்னது, நகல் எடு. மப்ளர் கேட்டது, அதை அங்கிருந்து அகற்று. இரண்டுக்கும் நம் வாயில் ஒரே சொல். காலையில் வந்ததும் மப்ளர் பொறுப்பாக எடுத்துவிட்டார். இருந்த ஒரே பேக்கப் போயே போய்விட்டது.

"நான் எடுக்கத்தானே சொன்னேன்!" என்று பச்சை குதித்தார்.

"எடுத்துட்டேனே சார்!" என்றார் மப்ளர். மப்ளருக்குள் அவர் கழுத்து சின்னதாகிக்கொண்டே போனது.

"எழுத்துல குடுய்யா. நீதான் அழிச்சன்னு எழுத்துல குடு."

"சார், அது அப்புறம்" என்றேன். "இப்ப நம்ம கையில இருக்கிறது இந்தக் கிழிஞ்ச டேபிள் ஒண்ணுதான். முதல்ல அதை அப்படியே ஒரு நகல் எடுக்கணும். அதுவரைக்கும் எல்லா வார்டுக்கும் ஒவ்வாமை விவரம் இல்லைன்னு உண்மையைச் சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அதுதான் ரிப்பேர்னு ஒரு கட்டளை இருக்கே, அதைப் போடு. மேடம் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

"ரிப்பேர் போட்டா படிக்க முடியாத வரியை எல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு, மிச்சத்தை வெச்சு நல்லா இருக்குன்னு சொல்லும் சார். எறிஞ்சது யாரோடதுன்னு அதுக்கப்புறம் கடவுளுக்கும் தெரியாது. அந்த ஆளுங்களுக்கு எல்லாம் இல்லை, இல்லைன்னு காட்டும். எவனாவது அதை நம்பி ஊசி போடுவான்."

"பச்சை வருமா வராதா?"

"வரும்."

"அப்ப போடு."

அங்கேதான் என் சத்தியம் போனது. என்னை அறியாமல் போகவில்லை, நான்தான் அனுப்பிவைத்தேன்.

"போட மாட்டேன்."

"என்ன?"

"போட மாட்டேன்னு சொல்றேன். உங்க டிவியா இருந்தா தட்டி ஓட்டிக்கோங்க. இது ஆளுங்க உயிரு. நகல் எடுக்காம இந்த டேபிள் மேல ஒரு ஈ உக்கார விட மாட்டேன்."

"யார்கிட்ட பேசறன்னு தெரியுதா?"

"பட்டனை அமுக்கினவர்கிட்ட."

பச்சையின் முகம் சிவப்பாகிவிட்டது. நானே போட்டுக்கொள்கிறேன் என்று சர்வர் அறைப் பக்கம் திரும்பினார். கதவு பூட்டியிருந்தது. மப்ளர் அதன் முன்னால் நின்றிருந்தார். உடம்பு நடுங்கியது, குளிரால் இல்லை.

"சாவி?" என்றார் பச்சை.

"எங்கயோ வெச்சிட்டேன் சார். தேடறேன்" என்றார் மப்ளர். தேடுவதற்காக ஒரு விரலைக்கூட அவர் அசைக்கவில்லை. சாவி அவர் மப்ளர் மடிப்புக்குள் பளபளத்தது, எனக்கும் தெரிந்தது, பச்சைக்கும் தெரிந்திருக்கும். கழுத்தில் கைபோட்டு எடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. "ரெண்டு பேரையும் பாத்துக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் உட்கார்ந்தேன். முதலில் மென்பொருளில் அந்த இழவெடுத்த இடத்தைத் திறந்தேன். படிக்க முடியாவிட்டால் "இல்லை" என்று காட்டு என்றிருந்ததை அடித்தேன். அந்த இடத்தில் சிவப்பில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: "ஒவ்வாமை: தெரியாது. நோயாளியைக் கேளுங்கள்." சேமித்தேன். ஆஸ்பத்திரியின் அத்தனை திரைகளிலும் அது போய் உட்கார்ந்தது.

இல்லை வேறு, தெரியாது வேறு. இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரக் கூடாது. இதைப் பச்சையின் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டோமே என்று அப்போது வருத்தமாக இருந்தது. ஆனால் வேலை கிடந்தது.

மப்ளரும் நானும் கிழிந்த டேபிளை அப்படியே நகல் எடுத்தோம். நகலுக்கு இன்னொரு நகல் எடுத்தோம். "இது எடுக்கிறதா, எடுக்கிறதாம்மா?" என்று மப்ளர் கேட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெச்சுக்கிறது அண்ணா, வெச்சுக்கிறது" என்றேன். பிறகு நகலின் மேல் மட்டும் ரிப்பேர் போட்டுப் பார்த்தேன். பெரும்பகுதி வந்தது, அதை உடனே மென்பொருளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வராததும் இருந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது பட்டன் அமுங்கிய இடத்தில் ஒரு கற்றை வரி ஓசைப்படாமல் காணாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் யாருடைய வரியெல்லாம் வரவில்லையோ அவர்களுக்கு மட்டும் "தெரியாது" நிற்கும்படி செய்தேன். வரி போனவர் யார், முதலிலிருந்தே எதுவும் இல்லாதவர் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாரையும் கேட்டே ஆக வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஒவ்வொருத்தரையுமா கேக்கணும்?" என்றாள். "இங்க எனக்கு ரெண்டே கைதான்டி."

"வாயால கேக்கறதுக்குக் கை எதுக்கு? உன் வாய் என் வாய்க்குக் குறைஞ்சதா?"

"அந்த வாய் இன்னைக்கு என்ன பண்ணிச்சு? சத்தியம் இருக்கா, போச்சா?"

"போச்சு."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போகட்டும். இன்னைக்கு மூடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பச்சை திரும்பி வந்தபோது பவுடர் போட்டுத் தலைசீவியிருந்தார். என் திரையைப் பார்த்துவிட்டு மார்பில் கைவைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்க? ஒரு ஆஸ்பத்திரித் திரையில யாராவது தெரியாதுன்னு எழுதுவாங்களா?"

"தெரியாதப்ப எழுதுவாங்க சார்."

"மேடம் லிஃப்ட்ல இறங்கிட்டாங்க. அந்த வரியை எடுத்துடு."

நான் மப்ளரைப் பார்த்தேன். மப்ளர் என்னைப் பார்த்தார். எனக்குள் ஏதோ ஒரு குட்டிச்சாத்தான் எழுந்து உட்கார்ந்தது.

"சரி சார்" என்று கணினிப் பக்கம் திரும்பி நாலு தட்டுத் தட்டினேன். "எடுத்துட்டேன் சார்."

"அப்படி வா வழிக்கு" என்றார் பச்சை.

டைரக்டர் மேடம் வந்தார். பேச்சு குறைவு, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். பச்சை குழைந்துகொண்டே புதிய பதிப்பின் பெருமைகளைச் சொல்லி, "இப்ப ஒரு நோயாளியைத் திறந்து காட்டறேன் மேடம்" என்று திரையைப் பார்க்காமல், மேடம் முகத்தையே பார்த்தபடி தட்டினார். மேடம் திரையைப் பார்த்தார். சிவப்பில், கொட்டை எழுத்தில்.

"தெரியாது, நோயாளியைக் கேளுங்கள்" என்று மேடம் நிதானமாக வாசித்தார்.

பச்சை திரும்பிப் பார்த்தார். பேயறைந்தது போல ஆகிவிட்டது. "எடுத்துட்டேன்னு சொன்னியே!"

"ஆமா சார். பேக்கப் எடுத்துட்டேன். ரெண்டு இடத்துல பத்திரமா வெச்சிருக்கேன்."

மப்ளருக்கு இருமல் வந்துவிட்டது. மப்ளரையே வாயில் அடைத்துக்கொண்டு இருமினார்.

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்?" என்று மேடம் என்னைக் கேட்டார். பச்சை நடுவில் புகுந்து ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். நான் அதற்கு இடம் தரவில்லை. பட்டன், டேபிள், "இல்லை" என்று காட்டியது, பேக்கப் எடுக்கப்பட்ட கதை, ரிப்பேரில் வராத வரிகள், எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பேக்கப் போனதில் மப்ளர் மேல் தப்பு இல்லை, சொன்னவரும் கேட்டவரும் ஒரு சொல்லில் வழுக்கி விழுந்தார்கள் என்பதையும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை மேடம் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

"சின்ன விஷயம் மேடம்" என்றார் பச்சை. "பெருசாக்கறா. அப்படி எதுவும் ஆகப்போறதில்ல. இந்த ஒரு வரியால யாருக்கு என்ன லாபம்?"

மேசைமேல் போன் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அடியே, இருக்கியா?" அக்காவின் குரல் மூச்சிரைத்தது. "ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பஸ் டிரைவர் இருக்காருடி, இன்னைக்கு ஆபரேஷன். காலையில திரையில இல்லைன்னு இருந்ததைப் பாத்துட்டு டாக்டர் எழுதிட்டாரு. மருந்தை சிரிஞ்சுல ஏத்தித் தட்டுல வெச்சாச்சு. உன் சிவப்பைப் பாத்துட்டுப் போய்க் கேக்கறேன், அந்த ஊசி போட்டா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்மா, முன்னாடி ஒரு தடவை செத்துப் பொழைச்சேங்கறாரு. ஏன் சொல்லலைன்னு கேட்டா, போன தடவையே சொல்லிட்டேனே, அதுல எழுதியிருக்குமேன்னு பேசாம இருந்தாராம்."

"போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"போடலை. நான் தட்டைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வரட்டும் என்று விட்டேன். அந்த மனுஷன் நம்பிப் பேசாமல் இருந்தார். எழுதியிருக்குமே என்று நம்பினார். எழுதித்தான் இருந்தது. ஒரு விரல் பட்டனை அழுத்தியதில் அந்த எழுத்து போய்விட்டது. அதற்கு மேல் பச்சை பூசித் தரச் சொன்னார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் எந்தெந்த வார்டுல கேக்கணும்?" என்றார். அவ்வளவுதான். என்னைப் பாராட்டவும் இல்லை, பச்சையைத் திட்டவும் இல்லை. தன் செல்போனிலிருந்து வார்டு வார்டாகப் போன் போட ஆரம்பித்தார்.

பச்சை என் காதருகே குனிந்தார். நான் அவருடைய கம்பெனியின் ஆள், மேடத்தின் ஆள் இல்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

"சரி சார். இன்னைக்கு இருக்கேன்ல?"

சுவர்த் திரையில் விளக்குகளெல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. அவற்றின் கீழே நின்று பார்த்துவிட்டுப் பச்சை வெளியே போனார்.

"இன்னும் லைன்ல இருக்கியாடி?" என்றாள் அக்கா.

"இருக்கேன். வேலை போச்சுக்கா."

"ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். இப்ப டிரைவருக்கு எழுதிக்கோ. ஊசி பேரு சொல்றேன், தப்பில்லாம அடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவருடைய பக்கத்தைத் திறந்தேன். ஊசியின் பெயரை எழுத்து எழுத்தாக அக்கா சொல்லச் சொல்ல அடித்தேன். எவ்வளவு கடுமை என்று கேட்கும் புதுக் கட்டம் காலியாக இருந்தது. காலையில் நான் கூட்டிய கட்டம். அதில் "மூச்சு நிற்கும்" என்று எழுதினேன். பிறகு மேலே போய், சிவப்பில் நின்ற "தெரியாது" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "உண்டு" என்று அடித்தேன்.